முதல் ஐவரை நம்பாத அக்கா

ஆட்டம் தொடங்கும் முன்பு எங்கள் மதுரை அணியின் முதல் ஐவரை ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். உள்ளரங்கத்தின் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு வீரர்கள் வரும் வாசலில் மட்டும் ஒரு வெளிச்சத்தைப் போடுவார்கள். பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொருவனாக ஓடிவருவான். கூட்டம் எழுந்து நின்று கத்தும். கூடைப்பந்து என்றால் என்னவென்றே தெரியாமல் பேரப்பிள்ளைக்குத் துணையாக வந்த பெரியவர்கள்கூட விசிலடிப்பார்கள். என் பக்கத்து இருக்கையில் அக்கா மட்டும் கைப்பையை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதல் குவார்ட்டர், அதாவது ஆட்டத்தின் முதல் கால்பகுதி, முடிகிறவரை அந்தக் கைகள் பையை விட்டு எழாது.

"அவங்க அஞ்சு பேர அறிவிச்சிட்டாங்க, சரி. அதுக்காக நாம நம்பிறணுமா தம்பி?" என்பார்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாரைக் கேட்டு எழுதினீர்கள் என்று திருச்சியிலிருந்து போன் வரும். இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். இங்கே இருந்த காலத்தில் வில்லாபுரத்தில் வீடு, ஒரு மிஷன் கல்லூரியின் அலுவலகத்தில் வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகளின் சான்றிதழ்கள் அசலா போலியா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. ஆளுக்கேற்ற வேலையை அமைத்துக் கொடுத்த கல்லூரி அது. அவர் கையில் கொடுத்தால் மாவட்ட ஆட்சியர் கையெழுத்தே கொஞ்சம் நடுங்கும் என்று அந்த அலுவலகத்தில் கேலியாகச் சொல்வார்களாம்.

நான் ஆனையூரில் இருக்கிறேன். மருந்துக் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. லீக் தொடங்கிய முதல் வருஷம் சீசன் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் என் இருக்கையில் உட்கார்ந்தபோதுதான் அக்காவைப் பார்த்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒன்றும் கேட்காமல் எனக்கு அந்தப் பக்கம் இருந்தவரைக் கூப்பிட்டு, இந்தத் தம்பி இந்த சீட்டுக்காரர்தானா என்று விசாரித்தார். அந்த மனிதர் என்னை அன்றுதான் பார்க்கிறார், திருதிருவென்று விழித்தார். டிக்கெட்டை எடுத்து நானே நீட்டினேன். அதை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு வேறு இருக்கை மாற்றித் தருவார்களா என்றுகூடக் கேட்டுப் பார்த்தேன், முடியாது என்றார்கள்.

போகப்போகத்தான் அது என்மேல் மட்டும் விழுந்த சந்தேகம் இல்லை என்று புரிந்தது. யார் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது "யாரு சொன்னா?" என்ற கேள்விதான். இன்றைக்கு மழை வரும் என்றால், யாரு சொன்னா? எதிரணியின் சென்டர் ஆட்டக்காரனுக்குக் காய்ச்சல் என்றால், யாரு சொன்னா? ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் பிரசங்கத்தில் சொன்ன வசனத்தை வீட்டுக்கு வந்து வேதாகமத்தைப் புரட்டிச் சரிபார்ப்பார் என்று அவர் மகளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். இடைவேளையில் டீ வாங்கினால் குடிக்கும் முன் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். தண்ணீரையும் முகர்வார். மூடி திறக்காத பாட்டில் தண்ணீரையே தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் திறப்பார். என் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை வைத்தேன். ஆனையூரில் இறங்கியதும் அப்படி ஒரு தெரு உண்டா, அதில் இன்றைக்கு விசேஷம் உண்டா என்று ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்துவிட்டுத்தான் வந்தார். அதை அவரே வந்து சொன்னார், ஒரு வெட்கமும் இல்லாமல்.

இதில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. எதைப் பற்றித் தெரிய வேண்டுமோ, சம்பந்தப்பட்ட ஆளிடம் மட்டும் கேட்கவே கூடாது.

"பால்ல தண்ணி ஊத்துறியான்னு பால்காரன்கிட்ட கேட்டா அவன் என்ன சொல்வான் தம்பி? அவனுக்குத் தோதாத்தான சொல்வான். பக்கத்து வீட்டுல கேக்கணும். இல்லேன்னா பாலப் பாக்கணும்."

ஒருநாள், உங்களைப் பற்றி யாரிடம் கேட்பது என்று கிண்டலாகக் கேட்டேன். என்னைப் பத்தி நீங்க எதுக்குக் கேக்கணும் என்று சட்டென்று திரும்பினார். அதோடு பேச்சை விட்டேன். அவர் சொந்த ஊர் எது, எந்தச் சனம் என்று எனக்குத் தெரியாது. நம்மூரில் நேரடியாகக் கேட்காமலே அதைத் தெரிந்துகொள்ள எத்தனையோ வழிகள் உண்டு. எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அக்காவிடம் ஒன்றும் பலிக்கவில்லை.

அவர் ஆட்டம் பார்க்கும் விதமே வேறு. நாங்கள் எல்லாரும் ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு வருவோம். அவர் அதற்கு ரொம்ப முன்னாலேயே வந்து, வீரர்கள் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள ஓடுவதையும் குதிப்பதையும் பார்த்துக்கொண்டிருப்பார். ஆட்டத்தில் நடிக்கலாம், பயிற்சியில் நடிக்க மறந்துவிடுவார்கள் என்பது அவர் கட்சி. விளக்கு அணையும் முன்பே எனக்கு அன்றைய ஐவரைப் பற்றிய தீர்ப்பு கிடைத்துவிடும்.

இரண்டாவது சீசனில் எங்கள் ஐவர் இப்படி. சென்டர் ஒரு வெளிநாட்டுக்காரன், பனைமரம் மாதிரி உயரம். கூடைக்குக் கீழே அவன் நின்றால் எதிரணிக்குப் பந்தே கிடைக்காது என்று பேப்பரில் எழுதினார்கள். மூன்றாவது குவார்ட்டரில் மூச்சு வாங்கி அவன் கை இடுப்புக்குப் போகும், அதற்கப்புறம் அவனும் நம்மைப் போல டிக்கெட் வாங்கி வந்த ஆள்தான் என்றார் அக்கா. உண்மையிலேயே கை இடுப்புக்குப் போனது. அடுத்தவன் பஞ்சாபி. தோள் பெரிது, முட்டி மோதிப் பந்தை எடுப்பான். ஆனால் நடுவர் தன் பக்கம் பார்க்கும்போது மட்டும்தான் கீழே விழுந்து வலியில் துடிப்பான் என்பது அக்காவின் கண்டுபிடிப்பு. மூன்றாமவன் கேப்டன், சென்னைப் பையன். அணி முதலாளியின் மகனோடு கல்லூரியில் ஒன்றாகப் படித்தவன் என்று எங்கிருந்தோ தெரிந்து வைத்திருந்தார். அவன் எத்தனை பந்தைத் தவறவிட்டாலும் உட்கார வைக்க மாட்டார்கள், பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார். நாலாமவன் தூரத்திலிருந்து மூன்று பாயிண்ட் எறிகிற மலையாளி. அவன்மேல் மட்டும் குறை சொல்லவில்லை. "அவன் மேல எனக்கு இன்னும் ஒண்ணும் தட்டுப்படல. அதான் பயமாருக்கு" என்றார்.

அணி ஜெயித்தாலும் அவருக்கு நிம்மதி கிடையாது. வாசலில் பட்டாசு வெடித்துக்கொண்டிருக்கும்போது, அவங்க ஏன் கடைசியில அம்புட்டு லேசா விட்டாங்க என்று யோசித்தபடி ஆட்டோவுக்குக் காத்திருப்பார்.

ஐந்தாமவன் பாயிண்ட் கார்டு. பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவன். பேரையூர்ப் பக்கத்துப் பையன், அந்த ஐந்து பேரில் எங்கள் மாவட்டத்தில் பிறந்தவன் அவன் ஒருவன்தான். அவன் தாத்தாவும் என் தாத்தாவும் ஒரே பண்ணையில் கூலிக்குக் களை வெட்டியவர்கள். இந்த விஷயம் அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவன் பெயரை ஒலிபெருக்கியில் இழுத்துச் சொல்லும்போது நானும் கூடவே அந்தப் பெயரைச் சொல்வேன். ஒப்பந்தம் வருஷத்துக்கு வருஷம்தான். ஐவரில் இடம் போனால் ஒப்பந்தம் போகும், ஒப்பந்தம் போனால் அவன் திரும்பிப் போக வேண்டியது கரிசல்காட்டுக்குத்தான். அதனால் அவன் ஆடும்போது நான் ஆட்டத்தைப் பார்த்ததைவிட அவன் இடம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்ததுதான் அதிகம்.

அந்த சீசனின் பாதியில் அக்காவின் பார்வை அவன்மேல் விழுந்தது.

பயிற்சியின்போது ஒவ்வொருவனாக ஓடிவந்து கூடைக்குக் கீழே எம்பிப் பந்தைப் போடுவார்கள். லே-அப் என்பார்கள். வலது கையால் போடுகிறவன் இடது காலை ஊன்றி எம்ப வேண்டும், அதுதான் முறை. "அவன் ரெண்டு காலையும் சேத்து எம்புறான் பாத்தீங்களா" என்றார் அக்கா. நான் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த ஆட்டத்திலும் அதையே சொன்னார். அதற்கடுத்ததிலும். "எடது கால் பொய் சொல்லுது தம்பி. முட்டியில என்னமோ வச்சிருக்கான், மறைக்கிறான்."

எனக்கு வந்தது அவன் முட்டியைப் பற்றிய கவலை இல்லை, அக்காவைப் பற்றிய சந்தேகம். வெளிநாட்டுக்காரன் மூச்சு வாங்குகிறான், அவனை விட்டார். கேப்டன் பந்தைத் தவற விடுகிறான், அவனை விட்டார். போயும் போயும் எங்கள் பக்கத்துப் பையன் கால்தான் இவருக்குப் பொய் சொல்கிறதா? நம்மாட்களில் ஒருவன் வெளிச்சத்துக்கு வந்தால் சிலருக்குக் கண் உறுத்தும். அப்படி உறுத்தப்பட்டு வளர்ந்தவன் நான். அன்றைக்கு இடைவேளையில் அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கவில்லை. என் டீயை மட்டும் வாங்கிக் குடித்தேன்.

அவருக்கு அது புரிந்ததா தெரியாது. படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்குகிறவர் அன்று நடுவில் நின்றுவிட்டார். தன் வலது முட்டியைப் புடவைக்கு மேலாகத் தட்டிக் காட்டினார்.

"படிக்கிறப்ப மாவட்ட டீம்ல நான் சென்டர். முட்டி வீங்குனத வார்டன்கிட்ட சொல்லல, கோச்சுகிட்ட சொல்லல. சொன்னா டீம்ல இருந்து எடுத்துருவாங்க, ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல எடம் போயிரும். துணியக் கட்டிக்கிட்டு ஆடுனேன். இப்ப படி எறங்குறேன் பாருங்க. மறைக்கிறவளுக்குத்தான் தம்பி மறைக்கிறவனத் தெரியும்."

அவர் பந்து ஆடியவர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகும் என் சந்தேகம் முழுக்கத் தீரவில்லை. பாதி தீர்ந்தது.

அடுத்த வாரம் வந்து உட்கார்ந்ததும், சொல்லிட்டேன் என்றார். அணியில் வீரர்களின் உடம்பைக் கவனிக்கும் பிசியோவாக இருந்த பையன் அவர் கல்லூரியில் படித்தவன். அவனைக் கூப்பிட்டு, அந்தப் பாயிண்ட் கார்டின் இடது முட்டியைப் பார், கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வான், நம்பாதே என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கால் போவதற்குள் காப்பாற்றிவிட்டோம் என்ற திருப்தி அவர் முகத்தில் இருந்தது. விளக்கு அணைந்தது. ஒலிபெருக்கியில் ஐவர் பெயர் வந்தது. பேரையூர்ப் பையன் பெயருக்குப் பதிலாக வேறு ஒரு பெயர். கூட்டம் அந்தப் பெயருக்கும் அதே மாதிரிதான் கத்தியது.

எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். முட்டியில் ஒன்றும் இல்லை. கணுக்காலிலும் இல்லை. ஒன்றும் இல்லை என்று வந்ததும் சந்தேகம் இன்னும் கூடியது. ஒன்றும் இல்லாவிட்டால் ஏன் இரண்டு காலால் எம்புகிறான்? பயமா, வேறு ஏதாவதா? இதற்கிடையில் அவன் இடத்தில் இறங்கியவன் நன்றாகவே ஆடினான், அணியும் ஜெயித்தது. ஜெயிக்கிற ஐவரைக் கலைக்க எந்தக் கோச்சுக்கு மனசு வரும்? பையன் ஓரத்துப் பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டைம் அவுட்டின்போது எழுந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தான். நான் அக்காவிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். அவரும் அந்தப் பெஞ்சுப் பக்கம் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார்.

சீசன் முடிந்ததும் அணியிலிருந்து விடுவித்தவர்கள் பட்டியல் பேப்பரில் வந்தது. அவன் பெயருக்குப் பக்கத்தில், உடல்தகுதி குறித்து ஐயம் என்று ஒரு வரி. அன்று மாலையே அக்கா எனக்குப் போன் செய்தார். அவர் எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. பேப்பரைப் பார்த்ததும் பிசியோவைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டிருக்கிறார். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகு உடல்தகுதியில் ஐயம் என்று யாரு சொன்னா என்று கேட்டிருக்கிறார்.

"அவன் சொல்றான் தம்பி, நீங்கதான மேடம் மொதல்ல சொன்னீங்கங்கிறான்."

பிறகு, நீங்க பேரையூர்ப் பக்கம்தான, என்னை அந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க என்றார். எதற்கு என்று கேட்டேன். நான்தான் சொன்னேன்னு சொல்லணும் என்றார்.

எனக்கு அவரைக் கூட்டிப்போக விருப்பமில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, இந்த பஸ் பேரையூர்தான் போகுமா என்று கண்டக்டரை விட்டுவிட்டு முன்சீட்டுக்காரரிடம் விசாரிக்கிறவரை என்ன செய்வது? என் பயம் வேறு. இந்த அம்மாள் எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்க்கிறவர். அந்த வீட்டில் போய் உட்கார்ந்து டம்ளரை மூக்கருகே கொண்டுபோனால் அதற்கு அங்கே வேறு அர்த்தம். அந்த அர்த்தத்தோடு எங்கள் சனம் பல தலைமுறை வாழ்ந்திருக்கிறது. இதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் டி. கல்லுப்பட்டி தாண்டும்வரை வாயைத் திறந்து திறந்து மூடினேன். கடைசிவரை சொல்லவில்லை.

காலனி வீடு, புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. பையன் வேலிக்கருவை முள் வெட்டப் போயிருந்தவன் ஆள் அனுப்பியதும் வந்தான், கைலியோடு. எங்களைக் கண்டதும் அவன் அம்மா பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுவிட்டு உடனே ஒரு பையனைக் கடைக்கு அனுப்பினார். எனக்குத் தெரியும் எதற்கென்று. வெளியாள் வந்தால் கலர் பாட்டில் வாங்கிவந்து மூடியை அவர்கள் கண்முன்னாலேயே உடைத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மரியாதைதான். ஆனால் வீட்டுத் தண்ணீரைக் கொடுத்தால் குடிப்பார்களோ மாட்டார்களோ என்ற பழைய சந்தேகமும் அந்த மரியாதைக்குள் இருக்கிறது.

கலர் வந்தது. அக்கா பாட்டிலைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்தார்.

"கலரு வேண்டாம்மா. பானைத் தண்ணி இருந்தாக் குடுங்க."

அந்த அம்மா ஒரு கணம் நின்றார். அவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். உள்ளே போய்ச் சொம்பில் கொண்டுவந்தார். அக்கா இரண்டு கைகளாலும் வாங்கினார். சொம்பு அவர் மூக்கைத் தாண்டும்வரை எனக்கு மூச்சு ஓடவில்லை. தாண்டி வாய்க்குப் போனது. அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல் வாய் வைத்தே குடித்தார், பாதியில் நிறுத்தாமல். முகரவில்லை. அவர் எந்தச் சனம் என்று நான் அத்தனை நாள் துழாவியதை நினைக்க எனக்கு எரிச்சலாக இருந்தது, என்மேல்தான்.

சொம்பைக் கீழே வைத்ததும் சொன்னார். உன் முட்டியில் ஏதோ இருக்கிறது என்று பிசியோவிடம் சொன்னது நான்தான். உன் நல்லதுக்கென்று நினைத்துச் சொன்னேன். அதை அலங்காரம் இல்லாமல், ஆபீசில் வாக்குமூலம் கொடுப்பது போலச் சொன்னார். பையன் திண்டாடிப் போனான். அவனுக்கு இந்த அம்மாளை யாரென்றே தெரியாது, கூட்டத்தில் கை தட்டாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர் என்றுதான் தெரியும். கொஞ்சம் கழித்து, ஏன் ரெண்டு காலால் எம்பினாய் என்று அக்கா கேட்டார். அவன் உள்ளே போய் அணி கொடுத்த ஷூவை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தான்.

"எடது காலு உள்ள வழுக்குதுக்கா. ஒத்தக் கால்ல எம்புனா குதிகால் கழண்டு வருது. பஞ்சு வச்சுப் பாத்தேன், நிக்கல."

அக்கா குனிந்து ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்தினார். கடைகளில் பிள்ளைகளுக்குப் போட்டு அழுத்திப் பார்ப்பார்களே, அப்படி. விரல் உள்ளே அமுங்கிப் போனது.

அப்போதுதான் அம்மா வாய் திறந்தார். "வளர்ற பிள்ளன்னு அவுக அப்பா எப்பவும் ஒரு நம்பரு கூடத்தான் வாங்குவாக. அந்த நம்பருதான் இவனுக்கு வாயில நிக்குது. மதுரையில இருந்து டீம்காரக போன் போட்டுக் கேட்டாகளாம், அதையே சொல்லிப்புட்டான்."

ஊரில் அவன் போட்டு ஆடிய கேன்வாஸ் ஷூ துவண்டுபோய்க் காலோடு ஒட்டிக்கொள்ளும், அதில் ஒரு நம்பர் கூட இருந்தால் தெரியாது. கம்பெனி ஷூ விறைப்பானது. இடது கால் இயல்பிலேயே ஒரு மயிரிழை சிறிது வேறு. பெரியவனாகி, கால் வளர்ச்சி நின்று, தன் கால் அளவு என்னவென்று சரியாகத் தெரியாமலே ஒரு மாநகரத்து அணிக்கு ஆட வந்துவிட்டான். அணியில் போய், நம்பரைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லக் கூச்சம். இதுகூடத் தெரியாதவனா என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். டாக்டர் முட்டியைப் பார்த்தார், பிசியோ கணுக்காலைப் பார்த்தான், அக்கா காலைப் பார்த்தார். ஷூவை யாரும் பார்க்கவில்லை.

கிளம்பும்போது வாசல்வரை வந்தான். அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க சொன்னது தப்புன்னு சொல்லலக்கா. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். அது மதுரைதான் போகுமா என்று அக்கா யாரிடமும் கேட்கவில்லை. திருமங்கலத்தில் பஸ் நின்றபோது டீ வாங்கிக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே இருந்து ஆறிப்போன பிறகு ஜன்னல் வழியாகக் கொட்டினார்.

அடுத்த சீசன் கோயம்புத்தூர் அணி அவனை ஆடிக் காட்டச் சொல்லிக் கூப்பிட்டு, சேர்த்தும் கொண்டது. அதில் அக்காவின் கை ஏதாவது இருந்ததா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பல ஊர்க் கல்லூரிகளில் அவருக்கு ஆள் உண்டு. கேட்டால் சொல்ல மாட்டார் என்பதால் கேட்கவில்லை. கோயம்புத்தூர்க்காரர்கள் எங்கள் ஊருக்கு ஆட வந்த நாளில் அக்கா வழக்கம்போல எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். எதிரணிச் சட்டையில் பையன் பயிற்சிக்கு ஓடிக்கொண்டிருந்தான். நான் போய் உட்கார்ந்து, கால் எப்படி எம்புகிறது என்று கேட்பதற்குள் அக்கா எழுந்துவிட்டார்.

அந்தப் படிகளில் ஆட்டம் முடியும் முன் அவர் இறங்கி நான் பார்த்ததில்லை. கைப்பிடியைப் பிடித்து, வலது முட்டியை இழுத்து இழுத்து, கீழே கம்பித் தடுப்புவரைக்கும் போனார். கூப்பிட்டார். பந்தை ஒருவனிடம் எறிந்துவிட்டு அவன் ஓடிவந்தான். என்னவோ கேட்டார், அவன் சிரித்துக்கொண்டு என்னவோ சொன்னான். திரும்பி ஏறிவர அவருக்கு நேரமாயிற்று. மூச்சு வாங்க உட்கார்ந்து கைப்பையை மடியில் எடுத்து வைத்தார்.

என்னக்கா என்றேன்.

"காலு நல்லாருக்காம். ஷூவும் சரியா இருக்காம்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

"அவன்தான் சொன்னான்" என்றார்.

விளக்கு அணைந்தது. வந்த அணியின் ஐவரை முதலில் கூப்பிட்டார்கள். எங்கள் கூட்டம் வழக்கப்படி ஊளையிட்டது. அவன் பெயர் வந்ததும் அக்கா கைப்பையை என் மடியில் வைத்துவிட்டுக் கை தட்டினார். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்து முறைத்தார்கள். அந்த ஒருவனுக்காக மட்டும் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

முதல் குவார்ட்டர் முழுக்க நான் அவன் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா ஆட்டத்தைப் பார்த்தார்.